ஆடிக் கூழும் அயலகத் தோழமையும்: சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் வேற்று நாட்டிற் சென்று வாழ நேரும்போது அவர்களைப் பிறந்த மண்ணோடு பிணைத்து நிற்பவை எவை என்னும் வினா வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கிய ஆய்வாளர்க்கும் உரியதே. மொழி, சமயம், கலை என்பவற்றை முதற்கண் எடுத்துரைப்பது அறிஞர் வழக்கம். ஆயின், அங்ஙனம் வாழ்வோரையே வினவின், அவர்கள் முதலிற் கூறுவன பெரும்பாலும் இரண்டாகவே இருக்கும். ஒன்று ஊர்ச் சாப்பாடு. மற்றொன்று ஊர் நண்பர். இவை மிக எளியன என்று கருதி ஆய்வுலகம் இவற்றைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. இலக்கியத்தில் உணவு பேசப்படுமிடங்களை வருணனை என்றோ, பழமை நினைந்து ஏங்குதல் என்றோ கூறி அமைந்துவிடுகிறோம்.

இக்கருத்து ஆராயத்தக்கது என்பதைக் காட்டுதற்குச் சிறியதொரு பாட்டை எடுத்துக்கொள்கின்றோம். அது நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கெனப் பாடிய 'ஆடிப்பிறப்பு' என்பது. யாழ்ப்பாணத்திற் பிறந்து இன்று கனடா, இங்கிலாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வாழும் தமிழருள் அப்பாட்டை அறியாதார் மிகச் சிலரே. அந்நாடுகளின் தமிழ்ப் பள்ளிகளில், பனைமரத்தைக் கண்ணாற் கண்டறியாத பிள்ளைகளும் அதனைப் பாடக் கேட்கலாம். ஆடி முதல் நாள் அணுகுந்தோறும் அப்பாட்டு அங்கெல்லாம் மீண்டும் உயிர்பெறுகின்றது. ஊரைவிட்டு நீங்காத ஒரு புலவர் ஊர்ச் சிறுவர்க்குப் பாடிய பாட்டு, ஊரை இழந்தோரின் பாட்டாக ஆனமைக்குக் காரணம் யாது? இதுவே இக்கட்டுரையின் வினா.

2. புலவரும் பாட்டும்

சோமசுந்தரப் புலவர் 1878 முதல் 1953 வரை வாழ்ந்தவர். யாழ்ப்பாணத்து நவாலியூரினர், வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்தவர். 'கதிரைச் சிலேடை வெண்பா' போன்ற புலமைமிக்க நூல்களை இயற்றிய அவரே, குழந்தைகளுக்கு எளிய பாட்டுகளையும் பாடினார். 'தங்கத் தாத்தா' என்னும் அன்புப் பெயர் அவருக்கு அமைந்தது இப்பாட்டுகளால் என்பது கருதத்தக்கது. அவர் மறைந்தபின் அவை 'சிறுவர் செந்தமிழ்' என்னும் பெயரால் 1955இல் தொகுக்கப்பெற்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் வாயிலாக அவை தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்தன.

'ஆடிப்பிறப்பு'ப் பாட்டின் பொருள் வருமாறு: மறுநாள் ஆடி முதல் நாள், ஆதலின் பள்ளி இல்லை. ஒரு சிறுவன் தன் தோழர்களை அழைத்து, அனைவரும் கூடிப் பனங்கட்டிக் கூழ் குடிக்கலாம், கொழுக்கட்டை உண்ணலாம் என்கிறான். பின்னர்ப் பயறு வறுத்தலும், செந்நெல்லின் பச்சரிசியை இடித்துத் தெள்ளுதலும், மாவை வறுத்தலும், தேங்காய் துருவுதலும், மாவைக் குழைத்துத் தட்டி உள்ளே இனிப்பு வைத்து அவித்தலும் முறையே கூறப்படுகின்றன. அடுத்துக் கூழ் காய்ச்சும் முறை வருகின்றது. விளக்கேற்றிப் படையல் இட்டபின், சிறுவர் ஓடிச் சென்று பலாவிலை பொறுக்கி வந்து மடித்துக் கோலிக்கொள்ள, தாய் அகப்பையால் அள்ளி வார்க்கின்றாள். சுடுகூழை ஊதிக் குடிப்பதோடு பாட்டு நிறைவுறுகின்றது.

இத்துணையே பாட்டு. இதில் உவமை அணிகள் இல்லை. ஆழ்ந்த தத்துவம் இல்லை. ஊரைப் பிரிந்த துயரும் இல்லை. ஆயினும் பிரிந்தோர் இதனையே பற்றிக்கொண்டனர்.

3. வினைமுற்றுகள் காட்டும் காலம்

இதனை நினைவுப் பாட்டு என்று கூறுவோர் பலர். இளமையில் உண்ட கூழை எண்ணி முதுமையில் ஏங்குதற்கு இது கருவியாகின்றது என்பது அவர்தம் கருத்து. இப்பாட்டின் வினைமுற்றுகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பின் இக்கருத்து நில்லாது. பாட்டு முழுவதிலும் இறந்தகால வினைமுற்று ஒன்றேனும் இல்லை. வறுத்தல், இடித்தல், துருவுதல் முதலிய தொழில்களெல்லாம் எச்சங்களாகவே அமைந்து, எதிர்கால முற்றைக் கொண்டு முடிகின்றன. தாயின் செயலைக் கூறும் முற்றுகள் எதிர்காலத்தன. பசி தீர்தலையும் வாய் ஊறுதலையும் கூறும் முற்றுகள் செய்யும் என்னும் வாய்பாட்டின. சிறுவர்தம் செயலைக் கூறும் முற்றுகளோ எதிர்காலத் தன்மைப் பன்மையின. தொடக்கத்திலேயே நிற்கும் காலப் பெயர் 'நாளை' என்பதாகும். 'நேற்று' இப்பாட்டில் யாண்டும் இல்லை.

இலக்கண நுட்பம் மற்றொன்றும் இங்குக் கருதற்பாலது. தமிழில் எதிர்கால முற்று இனி நிகழ்வதை மட்டும் குறிப்பதன்று. வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கும். 'அம்மா கொழுக்கட்டை அவிப்பாள்' எனின், நாளை அவிப்பாள் என்பதும், ஆண்டுதோறும் அவிப்பது அவள் வழக்கம் என்பதும் ஒருங்கே பெறப்படும். ஆகவே இப்பாட்டில் கடந்த காலம் இல்லாமற் போகவில்லை. அது எதிர்காலத்தினுள் அடங்கி நிற்கின்றது. ஏங்குவோன் 'அன்று உண்டேன்' என்பான். இச்சிறுவனோ 'நாளையும் உண்போம்' என்கின்றான். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடே இப்பாட்டின் உயிர் என்பது எம் துணிபு.

தொடக்க அடிகளில் முற்று 'லாம்' ஈற்றதாக இருந்து, பிற்பகுதியில் 'ஓம்' ஈற்றதாக மாறுவதும் நோக்கத்தக்கது. முன்னது இயல்வதைக் கூறி அழைப்பது. பின்னது உறுதி கூறுவது. நடுவே நிகழ்ந்தது யாது? சமையல் நிகழ்ந்தது. கூடலாம் என்ற நிலையிலிருந்து கூடுவோம் என்ற நிலைக்குப் பாட்டைக் கொண்டுசெல்வது அடுப்பங்கரையே. உணவு இங்கே வருணனைப் பொருள் அன்று. விருப்பத்தை உறுதியாக்கும் வினை.

4. தோழரை விளித்தல்

பாட்டின் முதற் பகுதி தோழரை விளிக்கின்றது. தாயையோ தெய்வத்தையோ விளித்திருத்தலும் கூடும். புலவர் அங்ஙனம் செய்யவில்லை. உணவு சமைப்பவள் தாய். உண்ண அழைக்கப்படுவோர் தோழர். வீடும் ஊரும் இவ்விடத்தில் இணைகின்றன. தாயின் அடுப்பு ஒரு வீட்டுக்கு உரியது. அதன் பயனோ தெருவுக்கு உரியது. தன்மைப் பன்மை முற்று முன்னிலையாரையும் உளப்படுத்தும் என்பது இலக்கணம் கற்றார் அறிந்தது. ஆகவே 'குடிப்போம்' என்று பாட்டுச் சொல்லுந்தோறும், கேட்போனும் குடிப்போருள் ஒருவனாகின்றான். டொரன்டோவிலோ ஒஸ்லோவிலோ இருந்து கேட்பவனையும் அம்முற்று விலக்கவில்லை. அயலகத்தார் இப்பாட்டினுள் எளிதிற் புகுந்து அமர்தற்கு இதுவே வாயில்.

இதனை வலியுறுத்தற்கு அப்புலவரின் மற்றொரு பாட்டை ஒப்பிட்டு நோக்குதல் தகும். 'பவளக்கொடி' என்னும் பாட்டில் ஒரு பெண் பாற்குடத்தைச் சுமந்து தனியே செல்கின்றாள். பாலை விற்று வரும் பொருளால் அடையப்போகும் செல்வங்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணுகின்றாள். அவ்வெண்ணத்தில் தலையசைக்கப் பால் சரிந்து போகின்றது. அங்கும் எதிர்காலம், இங்கும் எதிர்காலம். அங்கும் உண்ணும் பொருள், இங்கும் அதுவே. தனியே எண்ணியவளின் பால் மண்ணிற் சிந்தியது. தோழரோடு எண்ணியவனின் கூழ் பலாவிலையில் நிறைந்தது. புலவர் இவ்விரண்டையும் இணையாக அமைத்தார் என்று யாம் கூறவில்லை. இரண்டையும் ஒருங்கு கற்போர்க்கு இவ்வுண்மை புலனாகும் என்பதே எம் கருத்து.

5. பழைய மரபில் ஒரு சான்று

பிரிந்தாரையும் உணவையும் இணைத்துப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. மணந்து சென்ற மகளின் மனைக்குப் போய் வந்த செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு உரைப்பதாக அமைந்தது அது. மகள் தயிரைக் கையாற் பிசைந்ததும், கையைத் துடைத்த ஆடையை மாற்றாமலே உடுத்திருந்ததும், தாளிதப் புகை கண்ணிற் பட அட்டதும், கணவன் இனிதென்று உண்ண அவள் முகம் நுண்ணிதாக மலர்ந்ததும் ஆங்குக் கூறப்படுகின்றன. அவள் தாய்வீட்டை நினைந்து வருந்தினாள் என்று செவிலி கூறவில்லை. சமைத்தாள், ஒருவன் உண்டான், மகிழ்ந்தாள் என்றே கூறினாள். அச்செய்தியே தாய்க்கு ஆறுதலாயிற்று. பிறந்த வீட்டோடு உள்ள தொடர்பு ஏக்கத்தால் அன்றி, அவ்வீட்டிற் கற்ற தொழிலைப் புதுவிடத்தில் செய்வதாலும், உண்டு பாராட்ட ஒருவன் இருப்பதாலும், கண்டு சொல்ல ஒருத்தி இருப்பதாலும் நிலைபெற்றது என்க.

உணவு கடல் கடந்து செல்லும் என்பதும் பழைய செய்தியே. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பொருள்களுள் ஈழத்து உணவையும் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அவ்வூரில் தத்தம் நாட்டைவிட்டு வந்த பன்மொழி மக்கள் இனிது கலந்து உறைந்தனர் என்றும் உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். இன்று ஈழத்தார் உலகின் பல பட்டினங்களில் அந்நிலையில் வாழ்கின்றனர். சோமசுந்தரப் புலவரின் பாட்டிலும் இப்போக்குவரவின் சுவடு உண்டு. கூழுக்கு இடும் பனங்கட்டி உள்ளூர்ப் பனையின் பயன். கொழுக்கட்டைக்கு இடும் சர்க்கரையோ தமிழகத்தார் நன்கறிந்த வேலூர் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கி வருகின்றது. ஊரின் உணவு முற்றும் ஊரின் விளைவாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியை இப்பாட்டே மேற்கொள்ளவில்லை.

6. தோழமையற்ற உணவும் மீளாத நினைவும்

உணவு மட்டும் உளதாகி உண்பார் கூட்டம் இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு வாழ்வியற் சான்று ஒன்று உண்டு. கணித மேதை இராமானுசன் 1914 மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறி, கேம்பிரிட்ஜில் டிரினிடிக் கல்லூரியை அடைந்தார். மரக்கறி உணவினர் ஆதலின் தம் அறையிலேயே தாமே சமைத்து உண்டார். அவர் அடுப்பிற் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நண்பர் மஹலனோபிஸ் ஓர் இதழில் வந்த எண் புதிரைப் படித்துக் காட்ட, கிளறிய கையை நிறுத்தாமலே பொது விடையைத் தொடர் பின்னமாகக் கூறினார் என்பர். கணித நூலார் அந்நிகழ்ச்சியை அவர்தம் அறிவுக்குச் சான்றாகக் காட்டுவர். அடுப்பருகே தம் நாட்டு நண்பர் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதே எம் ஆய்வுக்கு வேண்டுவது.

மற்றொரு நிகழ்ச்சி இதன் மறுபுறத்தைக் காட்டும். இராமானுசன் ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும் அவருடன் வந்த பெண்டிரையும் அழைத்துத் தம் கையாற் சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற முற்பட்டபோது பெண்டிர் போதும் என்றனர். சிறிது நேரத்தில் அவர் அறையை விட்டு வெளியேறினார். சில நாள் கழித்தே திரும்பி வந்தார். பரிமாறியதை ஏலாமையைத் தாங்க இயலாமையே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது. உணவை மறுத்தது அவருக்கு உறவை மறுத்ததாகத் தோன்றியது போலும். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்தற்கு அரியதாய் இருந்தது உணவு மட்டும் அன்று. மூன்றாம் முறையும் தயங்காது தட்டை நீட்டும் தோழமையும் ஆம்.

புனைகதையுலகில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இவ்விடத்து நினைக்கத்தக்கது. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியிற் பிறந்து, 1938இல் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்றவர். போருக்குப் பின் 1946இல் தமிழகம் மீண்டவர். 1972இல் நூலாக வெளிவந்த அந்நாவலில் பாண்டியன் மேடானிலும் பினாங்கிலும் வாழ்கின்றான். வட்டித் தொழிலுக்குச் சென்ற தமிழர், மனைவி மக்களை ஊரில் விட்டு, கிட்டங்கிகளில் ஒருங்கு தங்கி ஒருங்கு உண்டு வாழ்ந்த உலகம் அது. நண்பர் கூடிப் பேசும் பேச்சில் மதுரைத் தெருக்களும் பழந்தமிழ் நூல்களும் எழுந்து வருகின்றன. பாண்டியனின் உள்ளத்தில் சின்னமங்கலத்து இளமைக் காலம் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. ஆயின் அந்நினைவுகள் கடந்தவற்றின் நினைவுகள். பாண்டியன் ஊர் மீளாமலே மடிகின்றான். நாவலின் பெருமை அத்துயரத்தில் உள்ளது. சோமசுந்தரப் புலவரின் பாட்டு அத்தகைய பெருமையை நாடவில்லை. மாறாக, நாவல் செய்யாத ஒன்றைச் செய்கின்றது. நாவல் இழந்த ஊரைக் காட்டுகின்றது. பாட்டு மறுநாட் காலையில் செய்ய வேண்டுவதைக் காட்டுகின்றது.

7. செம்பாக்கத்துக் கூழும் நவாலிக் கூழும்

பாட்டைத் தாங்கி நிற்பது உணவின் சுவையே என்று கொள்வார்க்கு ஓர் ஐயம் எழுப்ப வேண்டியுள்ளது. யாம் இக்கட்டுரையை எழுதும் செம்பாக்கம், தாம்பரத்தை அடுத்து, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கிய ஊர். இங்கும் இதன் சுற்றூர்களிலும் ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல் வழக்கம். முன்னாள் இரவே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, மோர் கலந்து, பெரிய அண்டாக்களில் வைத்து வார்ப்பர். சின்ன வெங்காயமும் முருங்கைக் கீரையும் உடன் தருவர். வருவோர் தூக்கும் செம்பும் ஏந்தி வரிசையில் நிற்பர்.

ஈழத்தார் ஒருவர் இவ்வரிசையில் நின்று அக்கூழை வாங்கிக் குடிப்பின், திங்களும் அதே, பெயரும் அதே, சுவையோ முற்றிலும் வேறு என்பதை உணர்வார். அவர் அறிந்தது பச்சரிசி மாவும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இன்கூழ். இது கேழ்வரகின் புளிப்புக் கூழ். அது இல்லத்துப் படையல். இது கோயிற் பொதுக்கொடை. தமிழகத்துள்ளேயே ஆடி முதல் நாள் வழக்கங்கள் பலவாக உள. சேலம், நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் அன்று தேங்காய் சுடுவர். வேறு சில இல்லங்களில் ஆடிப்பால் காய்ச்சுவர். ஆகவே 'தமிழரின் ஆடி உணவு' என ஒன்றை வரையறுக்க முயல்வது வீண். ஆயினும் இவை அனைத்திலும் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு. பெரிய கலத்திற் காய்ச்சிப் பலர் கூடி உண்பதே அது. கூழ் ஒருவர்க்கெனக் காய்ச்சும் பொருள் அன்று. அதன் இயல்பே பலரை வேண்டி நிற்பது. சோமசுந்தரப் புலவர் தோழரை அழைத்தது கூழின் இயல்பறிந்து செய்தது எனலாம்.

செம்பாக்கத்திலும் இன்று மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பிய இல்லங்கள் உள. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்துக்குப் புறப்படுமுன் பருப்புப் பொடியும் வற்றலும் ஊறுகாயும் பெட்டியிற் கட்டப்படுகின்றன. அப்பொடி சென்று சேரும் அறையில் பகிர்ந்துண்ண ஒரு தோழர் இருப்பின் அது ஊர் ஆகும்; இன்றேல் பொடியாகவே நிற்கும். 'ஆடிப்பிறப்பு'ப் பாட்டு யாழ்ப்பாணத்தார்க்கு மட்டும் உரியதன்று என்று யாம் கூறுதற்கு இதுவே காரணம்.

8. தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று தடைகள் கூறப்படலாம்.

முதலாவது: பாட்டிற் கூறிய பொருள்கள் அயல்நாட்டில் இல்லை, பலா மரம் இல்லாத இடத்தில் பலாவிலை ஏது என்பது. உண்மையே. ஆயின் பாட்டில் பலாவிலைக்கு உள்ள இடம் யாது? சிறுவர் ஓடிப் பொறுக்கி வந்து மடித்துக்கொள்ளும் பொருள் அது. சமைப்பது தாயின் தொழில். உண்கலம் கொணர்வது சிறுவர் தொழில். உண்போரும் ஒரு தொழில் செய்தே உண்கின்றனர் என்பதே அங்குக் கருத்து. காகிதக் குவளையை அடுக்கி வைக்கும் பிள்ளையும் அத்தொழிலையே செய்கின்றது. இலை மாறலாம், ஓடிக் கொணர்தல் மாறலாகாது. இதனை அறியாமல், எல்லாவற்றையும் பெரியவரே செய்து பிள்ளைகளை அமர்த்தி ஊட்டின், பொருள்கள் அனைத்தும் யாழ்ப்பாணத்தினின்று வந்தனவாயினும் பாட்டுப் பொய்த்துப் போகும்.

இரண்டாவது: 'விடுதலை' என்னும் சொல் பற்றியது. பாட்டில் அச்சொல் பள்ளி விடுமுறையைக் குறிப்பது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு அது. பிற்காலத்தில் ஈழத்து அரசியலில் அச்சொல் பெற்ற பொருளைப் புலவர் மேல் ஏற்றுதல் ஆராய்ச்சி நெறியன்று. அவர் 1953இலேயே மறைந்தார். ஆயினும் கேட்போர் செவியில் அவ்வொலி விழுவதைத் தடுத்தலும் இயலாது. சொல்லின் பொருள் புலவனோடு நின்றுவிடுவதில்லை. பாட்டின் பொருள் வேறு, பாட்டுக்குப் பின்னர் நேர்ந்த பொருள் வேறு என்று பகுத்துணர்ந்து இரண்டையும் குறித்தல் திறனாய்வாளர் கடமை.

மூன்றாவது தடையே வலியது. ஊர் அங்கேயே இருக்கும்போது 'நாளை' என்று பாடுதல் எளிது. ஊர் சிதைந்தபின் எவ்வாறு பாடுவது? இது வெறுஞ்சொல் அன்று. 1983இல் இலங்கையில் நிகழ்ந்த இனவன்முறைக்குப்பின் பல்லாயிரவர் நாடு நீங்கினர். 1995 சூலை 9ஆம் நாள் நவாலியிலேயே, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த புனித பேதுரு தேவாலயத்தின் மேல் வானூர்திக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆடிப்பிறப்புக்கு அப்போது ஏறத்தாழ ஒரு வாரமே இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் திரள்திரளாக வெளியேறினர். தோழரை அழைத்த சிறுவனின் ஊரில் அழைக்கத் தோழர் இல்லாத காலமும் வந்தது.

இவ்வுண்மையின் முன் இப்பாட்டின் எதிர்காலம் பேதைமையாகத் தோன்றலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. இறந்தகாலத்தில் அமைந்த பாட்டாயின், ஊர் அழிந்தபோது அப்பாட்டு கையறுநிலைப் பாட்டாக மாறி அங்கேயே நின்றிருக்கும். எதிர்காலத்தில் அமைந்தமையால், ஊர் இல்லாத இடத்திலும் அதனைச் செய்து காட்ட முடிகின்றது. 'அன்று நவாலியில் குடித்தோம்' என்பது அவ்வூரில் வாழ்ந்தார்க்கு மட்டுமே பொருந்தும் கூற்று. 'நாளை குடிப்போம்' என்பது நவாலியைக் காணாத பிள்ளைக்கும் பொருந்தும் கூற்று. நினைவு ஒரு தலைமுறையோடு முடிவது; அழைப்போ அடுத்த தலைமுறைக்கும் கைம்மாற்றத்தக்கது.

இதனால் இழப்பு ஈடுசெய்யப்பட்டது என்று கூறவில்லை. டொரன்டோவிற் காய்ச்சும் கூழ் நவாலிக் கூழ் அன்று; அதனைக் காய்ச்சுவோரே அதனை முதலில் அறிவர். அறிந்தும் காய்ச்சுகின்றனர். ஆடி முதல் நாள் வேலை நாளாயின் வார இறுதி வரை பொறுத்திருந்து, நண்பர் குடும்பங்கள் வந்து சேர்ந்தபின் காய்ச்சுகின்றனர். நாளைத் தள்ளினும் தோழரைத் தள்ளாமை காண்க. பாட்டின் கூறுகளுள் எது விடத்தக்கது, எது விடத்தகாதது என்பதை அம்மக்கள் திறனாய்வாளரினும் நன்கு உணர்ந்துள்ளனர்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. 'ஆடிப்பிறப்பு' நினைவுப் பாட்டு அன்று, அழைப்புப் பாட்டு. அதன் வினைமுற்றுகள் எதிர்காலத்தன. அதன் விளி தோழரை நோக்கியது. அதன் உணவு பலர் கூடியன்றி உண்ணப்படாதது. இம்மூன்றும் சேர்ந்தமையாலேயே ஊரை நீங்காத புலவரின் பாட்டு ஊரை நீங்கினார்க்குத் துணையாயிற்று. சுவையொன்றே பிணைப்பாயின் செம்பாக்கத்துக் கூழும் நவாலிக் கூழும் ஒன்றை ஒன்று அறியா. நினைவொன்றே பிணைப்பாயின் அது நினைப்பவரோடு மறையும்.

அயலகத் தமிழிலக்கியத்தை ஆராயும் மாணவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். உணவு பேசப்படும் இடங்களில் 'ஏக்கம்' என்று குறித்துவிட்டு அப்பாற் செல்லுதல் கூடாது. அங்கே வினைமுற்று எக்காலத்தது, விளிக்கப்படுவோர் யாவர், உண்கலத்தைக் கொணர்வோர் யாவர் என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு நூல் தரும் விடையைக்கொண்டே அது இழந்ததற்கு இரங்குகின்றதா, இருப்பதைக் காக்க முயல்கின்றதா என்பதை அறியலாம். சிறுவர் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று இவ்வினாக்களுக்குத் தெளிந்த விடை தருகின்றது. ஆண்டுதோறும் ஆடி பிறக்கும்போது, உலகின் ஏதேனும் ஓர் ஊரில் ஒரு பிள்ளை அதனைப் பாடித் தன் தோழரை அழைத்துக்கொண்டுதான் இருக்கின்றது.